மின்சார கார் ஆலையில் ரோபோக்கள் உண்மையில் என்ன செய்கின்றன?

கேட்கப்பட்ட கேள்வி இது: "மின்சார கார் தொழிற்சாலை வீடியோக்களில் ஆளே கண்ணில் படுவதில்லை. வரிசையாக நிற்கும் ரோபோக்கள்தான் எல்லாவற்றையும் செய்கின்றன. அப்படியானால் காரை முழுக்க ரோபோவே செய்துவிடுகிறதா? பெட்ரோல் கார் ஆலையிலும் இதே ரோபோக்கள்தானே இருந்தன, மின்சார காருக்கென்று தனியாக என்ன வந்துவிட்டது?"

பேட்டரி பேக் அசெம்பிளி லைன்களை அமைத்து, ஓடவைத்து, ஆலைக்காரர்கள் கையில் ஒப்படைக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். இல்லை, முழுக்க ரோபோ செய்வதில்லை. ஆனால் காரின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தப் பதில் தலைகீழாக மாறும். சில பகுதிகளில் மனிதக் கை படவே கூடாது. இன்னும் சில பகுதிகளில் இன்றுவரை ரோபோவால் கிட்டேகூட வர முடியவில்லை.

முதலில் அந்த வீடியோக்களைப் பற்றி. தீப்பொறி பறக்க ஆரஞ்சு, மஞ்சள் நிறக் கைகள் வளைந்து நெளியும் காட்சி பெரும்பாலும் பாடி ஷாப்பில் எடுக்கப்பட்டது. தகடுகளைச் சேர்த்துக் காரின் கூட்டை உருவாக்கும் இடம் அது. இரண்டு செப்பு முனைகள் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குச் சுமார் 10,000 ஆம்பியர் மின்சாரம் பாயும், அந்தப் புள்ளியில் இரண்டு தகடும் உருகி ஒட்டிக்கொள்ளும். இதுதான் ஸ்பாட் வெல்டிங். ஒரு எஃகுக் கூட்டில் இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருக்கும். இது மின்சார காருக்கே உரிய புதுமை அல்ல. ஜார்ஜ் டெவோலும் ஜோசப் எங்கல்பெர்கரும் கொண்டுவந்த யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ, 1961-ல் நியூ ஜெர்சியில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், அச்சிலிருந்து சூடாக வெளிவரும் வார்ப்புகளை எடுத்து வைக்கத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒஹாயோவின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் அதே வகை ரோபோக்கள் ஸ்பாட் வெல்டிங்குக்கு வந்துவிட்டன. ஆக, வீடியோவில் நீங்கள் பார்த்து வியக்கும் வேலை அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது.

பாடி ஷாப்பில் மின்சார கார் கொண்டுவந்த மாற்றம் ஒன்று உண்டு. பேட்டரியின் எடை பல நூறு கிலோ. அதை ஈடுகட்ட, கூட்டில் அலுமினியத்தை அதிகம் சேர்க்க வேண்டியிருக்கிறது. அலுமினியம் எஃகு மாதிரி சொன்ன பேச்சைக் கேட்காது. அதன் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். வெப்பத்தை உடனே கடத்திவிடுவதால் எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு மின்னோட்டம் தேவைப்படும், செப்பு முனைகளும் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் பல இடங்களில் வெல்டிங்கை விட்டுவிட்டு, தகட்டைத் தானே துளைத்து உள்ளே இறங்கும் ரிவெட், உராய்வுச் சூட்டில் தானே வழி செய்துகொண்டு இறங்கும் திருகு, பசை என்று போகிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் கையில் வேறு கருவி பிடித்த ரோபோ வேண்டும். ரிவெட் கருவி டன் கணக்கில் அழுத்தும் என்பதால் அதைத் தாங்கும் 'சி' வடிவச் சட்டமே கனமாக இருக்கும். ரோபோவும் அதற்கேற்ற பெரிய ரோபோவாக இருந்தாக வேண்டும்.

சரி, மின்சார காருக்கே உரிய ரோபோ வேலை எங்கே இருக்கிறது? பேட்டரியில். கொஞ்சம் கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும்.

டெஸ்லாவின் ஆரம்ப கால மாடல் எஸ் காரின் 85 கிலோவாட்-மணி பேக்கில் 7,104 செல்கள். டார்ச் லைட் பேட்டரி போன்ற உருளைகள்தான், ஒவ்வொன்றும் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. உயரம். பிறகு வந்த மாடல் 3-ன் நீண்ட தூர வகையில் கொஞ்சம் பெரிய உருளைகள், 4,416. ஒரு செல்லுக்கு இரண்டு இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். 4,416 செல்லுக்கு 8,832 இணைப்புகள். கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் ஆயிரத்துக்கு ஒன்றுதான் தவறவிடுகிறார் என்றால் நாம் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவோம். ஆனால் அந்தக் கைத்திறனில் செய்த ஒவ்வொரு காரிலும் சராசரியாக ஒன்பது மோசமான இணைப்புகள் இருக்கும். பத்தாயிரத்துக்கு ஒன்று என்று முன்னேறினாலும் பத்து பேக்கில் ஏறக்குறைய ஆறில் குறைந்தது ஒரு குறை இருந்தே தீரும். பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற நிலைக்கு வந்தால்தான் நூற்றுச் சொச்சம் பேக்கில் ஒன்று பழுது என்ற அளவுக்கு இறங்கும்.

எனக்கு இந்தத் துறையில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இந்தக் கணக்குதான். ரோபோவை வேகத்துக்காக வைக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி லைனில் வேகம் இரண்டாம்பட்சம். காலை ஆறு மணிக்குப் போட்ட முதல் இணைப்பும் நள்ளிரவில் போட்ட கடைசி இணைப்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதற்காகத்தான் ரோபோ. மனிதர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எட்டாயிரமாவது தடவையும் முதல் தடவை மாதிரியே செய்ய அவரால் முடியாது. அதை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

எல்லா பேட்டரியும் ஆயிரக்கணக்கான சிறு உருளைகளால் ஆனது என்று நினைத்துவிட வேண்டாம். 2010-ல் வந்த நிஸான் லீஃப் காரில் மொத்தம் 192 தட்டையான பை வடிவ செல்கள்தான். பெட்டி வடிவ செல் வைத்த பேக்கிலும் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் நின்றுவிடும். இணைப்புகள் குறைந்தால் கணக்கு இளகும். ஆனால் வேறு தலைவலி வரும். பை வடிவ செல் மெத்தென்று இருக்கும், ஓரம் மடங்கிவிடக்கூடும். அதை உறிஞ்சு கப் வைத்துத் தூக்கும்போது எங்கே எவ்வளவு உறிஞ்சுகிறோம் என்பதில் கவனம் தேவை.

ஒரு இணைப்பைக் கிட்டே போய்ப் பார்ப்போம். பெட்டி வடிவ செல்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் முனைகள் மேல் அலுமினியப் பட்டை ஒன்று உட்கார வேண்டும். அதை பஸ்பார் என்போம். முதலில் கேமரா ஒவ்வொரு முனையும் எங்கே இருக்கிறது என்று அளக்கும், ஏனென்றால் எந்த இரண்டு பேக்கிலும் அது அச்சு அசலாக ஒரே இடத்தில் இருக்காது. பிறகு பட்டையை முனையோடு அழுத்திப் பிடிக்கச் சிறு விரல் போன்ற பிடிப்பான்கள் இறங்கும். இடையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலே லேசர் மேல் தகட்டை மட்டும் உருக்கிவிட்டுக் கீழே ஒட்டாமல் விட்டுவிடலாம். மேலே இருந்து பார்த்தால் பளபளவென்று அழகான வெல்டிங்காகத் தெரியும். உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் லேசர் பாயும்போது வெளிவரும் ஒளியை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும், முடிந்ததும் மின்தடையை அளப்பார்கள். மைக்ரோ ஓம் அளவில், அதாவது ஒரு ஓமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் அளக்க வேண்டும். இந்த ஸ்டேஷனில் ரோபோக் கையின் வேலை லேசர் தலையைக் கொண்டுபோய் நிறுத்துவதோடு முடிந்துவிடுகிறது. கஷ்டமெல்லாம் அந்தக் கையைச் சுற்றி இருக்கும் பிடிப்பான், கேமரா, அளவுகோல் ஆகியவற்றில்தான். புதிதாக வருபவர்கள் ரோபோவின் விலையை மட்டும் கேட்டுவிட்டு இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் ரோபோவைப் பற்றிப் பேசவே முடியாது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதில் ரோபோ கில்லாடி. ஆறு மூட்டுகளில் சுழலும் சாதாரண ரோபோகூட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். ஆனால் அது வந்து நிற்கும் இடத்தில் பொருள் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பொருள் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், அந்தப் பக்கம் ஒன்றுமில்லாத இடத்தில் அற்புதமான துல்லியத்தோடு வேலையை முடித்துவிட்டுத் திரும்பும். கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பவர் மாதிரி. நாற்காலியை யாரும் நகர்த்தாத வரைக்கும் பிரச்சினை இல்லை.

செல்லையே தயாரிக்கும் ஆலைக்குப் போனால் மனிதரை விலக்கி வைக்க வேறொரு காரணம் இருக்கிறது. லித்தியம் செல்லுக்கு ஈரம் ஆகாது. உள்ளே ஊற்றும் மின்பகுளியில் இருக்கும் லித்தியம் உப்பு, தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற அரிக்கும் நச்சுப் பொருளாகும், செல்லின் ஆயுளும் குறையும். அதனால் இந்த வேலைகள் உலர் அறைகளில் நடக்கின்றன. அங்கே காற்றின் பனிநிலை, அதாவது காற்றில் உள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே. எந்த மணல் பாலைவனமும் அவ்வளவு வறண்டு இருக்காது. அந்த அறையில் ஈரத்தைக் கொண்டுவரும் முக்கியமான ஆள் நாம்தான். மூச்சிலும் வியர்வையிலும் ஒருவர் மணிக்குப் பல பத்து கிராம் நீரை வெளியே விடுகிறார். ஒரு ஆள் கூடினால் காற்றை உலர்த்தும் இயந்திரம் அதற்கேற்பக் கூடுதலாக உழைக்க வேண்டும், மின் கட்டணமும் ஏறும். ரோபோ மூச்சு விடாது. உலர் அறையில் நாள் முழுக்க நின்றவர்களின் உதடு வெடித்து, கண் எரிந்து வெளியே வருவதைப் பார்த்தவன் என்ற முறையில், அங்கே ஆட்களைக் குறைப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

அதன் பிறகு செல்லை முதல் முறை மெதுவாக சார்ஜ் செய்து, பல நாட்கள் அடுக்கி வைத்துக் கவனிப்பார்கள். நூலக அலமாரி போன்ற உயரமான அடுக்குகள், நடுவே ஓடும் தூக்கிகள். சார்ஜ் ஏறிய செல்கள் லட்சக்கணக்கில் இருக்கும் அந்த இடத்தில் ஆட்கள் நடமாடாமல் இருப்பதே நல்லது.

இப்போது நான் நேரில் பட்ட ஒரு அவஸ்தை. பேக்கின் அடியில் குளிர்விக்கும் தட்டு இருக்கும். பல செல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதியை மாட்யூல் என்போம். அதைத் தட்டின் மேல் வைப்பதற்கு முன், வெப்பத்தைக் கடத்தும் ஒரு பசையை ரோபோ பாம்பு நெளிவது போலக் கோடு போட்டு விடும். பார்க்கப் பற்பசை போலக் கெட்டியாக இருக்கும், உள்ளே மணல் போன்ற பீங்கான் துகள்கள். மாட்யூலை மேலே வைத்து அழுத்தும்போது பசை பரவி எல்லா இடுக்கையும் நிரப்ப வேண்டும். நிரம்பாத இடத்தில் காற்று நிற்கும், அந்தப் பக்கத்து செல்கள் மட்டும் சூடாகும். நாங்கள் அமைத்துக் கொடுத்த ஒரு லைனில் வாரத்தின் முதல் நாள் காலையில் மட்டும் சில பேக்குகள் வெப்பச் சோதனையில் தோற்றுக்கொண்டே இருந்தன. ரோபோவின் பாதையைச் சோதித்தோம், சரியாக இருந்தது. கேமரா, பசைக் கோட்டின் அகலம் சரி என்றது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

கடைசியில் கண்டுபிடித்தவர் அந்த ஸ்டேஷனில் நின்ற மூத்த ஆபரேட்டர். "லீவு முடிந்து வந்தால் முதல் அரை மணி நேரம் பம்ப் சத்தமே வேற மாதிரி இருக்கு சார், இழுத்து இழுத்து ஓடுது" என்றார். விடுமுறை நாட்களில் டிரம்முக்குள் துகள்கள் கீழே தங்கிவிட்டன. முதலில் வெளிவந்த பசையின் தன்மை மாறியிருந்தது. கோட்டின் அகலம் அதேதான், உயரம்தான் குறைந்திருந்தது. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு உயரம் தெரியவில்லை. பிறகு உயரத்தையும் அளக்கும் லேசர் ஸ்கேனர் வைத்தோம், நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு முதல் பசையைத் தனியாக வழித்தெடுத்து எடை பார்க்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தோம். ரோபோ கடைசிவரை ஒரு தவறும் செய்யவில்லை. சொன்னதை அப்படியே செய்தது. பசை மாறியது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஆபரேட்டரை அதற்கு அடுத்த லைனின் வடிவமைப்புக் கூட்டத்துக்கே அழைத்துக்கொண்டோம்.

பேக் தயாரானதும் காரின் கூட்டோடு சேர வேண்டும். ஆலைகளில் இதைக் 'கல்யாணம்' என்றே சொல்வார்கள், பெட்ரோல் கார் காலத்திலிருந்து வரும் பெயர். அங்கே இன்ஜின் கீழிருந்து ஏறும், இங்கே பேட்டரி ஏறுகிறது. தானாக ஓடும் வண்டி ஒன்று பேக்கைச் சுமந்துகொண்டு கூட்டுக்கு அடியில் வந்து நிற்கும், தூக்கி மேலே ஏற்றும், ரோபோக்கள் சுற்றிலும் திருகுகளை முடுக்கும். மேல் கூட்டிலும் சிறு அளவு வேறுபாடு இருக்கும், கீழே பேக்கிலும் இருக்கும், அதனால் வண்டியின் மேல்தட்டு சில மில்லிமீட்டர் மிதக்கும்படி விட்டிருப்பார்கள். வழிகாட்டும் ஊசிகள் துளைக்குள் நுழையும்போது தட்டு தானே நகர்ந்து இடம் பார்த்துக்கொள்ளும். இதை முதல் முறை பார்த்தபோது எனக்குப் பிடித்துப்போனது. எல்லாவற்றையும் கணினியால் அளந்து தீர்க்க வேண்டியதில்லை, கொஞ்சம் இளக்கம் கொடுத்தாலே போதும். ஒவ்வொரு திருகும் எவ்வளவு முறுக்கு விசையில், எத்தனை டிகிரி சுற்றியது என்பது அந்தக் காரின் எண்ணோடு சேர்த்துப் பதிவாகும். வருடங்கள் கழித்து ஒரு திருகு பற்றிச் சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

மோட்டாரிலும் ரோபோ இல்லாமல் ஆகாது. பழைய மோட்டார்களில் மெல்லிய கம்பியைச் சுற்றுவார்கள். இப்போது பல கார் மோட்டார்களில் தடித்த பட்டைச் செப்புக் கம்பியைக் கொண்டை ஊசி போல வளைத்துச் செருகுகிறார்கள், பெயரே ஹேர்பின். மோட்டாரின் சுழலாத பகுதி ஸ்டேட்டர். 48 பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் 8 அடுக்கு என்று ஒரு ஸ்டேட்டரை எடுத்துக்கொண்டால், ஒரு ஊசிக்கு இரண்டு கால் என்பதால் 192 ஊசிகள். செருகியதும் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை முறுக்கி, இரண்டிரண்டாக லேசரால் சேர்க்க வேண்டும். இங்கே செப்பு முரண்டு பிடிக்கும். வழக்கமான அகச்சிவப்பு லேசரைக் குளிர்ந்த செப்பு கண்ணாடி போலத் திருப்பி அனுப்பிவிடும், மிகச் சிறு பங்கைத்தான் உள்வாங்கும். உருகத் தொடங்கியதும் திடீரென நிறைய உள்வாங்கும், அப்போது துளித்துளியாகத் தெறிக்கும். அதனால் சிலர் செப்பு நன்றாக உள்வாங்கும் பச்சை லேசருக்குப் போகிறார்கள், சிலர் அகச்சிவப்புக் கற்றையையே வேகமாக ஆட்டி ஆட்டிச் சமாளிக்கிறார்கள். சுழலும் பகுதியான ரோட்டருக்குள் போகும் நியோடிமியம் காந்தங்களைப் பெரும்பாலும் காந்தமேற்றாமலே செருகிவிட்டுப் பிறகு காந்தமேற்றுவார்கள். இல்லாவிட்டால் அவை ஒன்றையொன்று இழுத்து உடைந்துபோகும், இடையில் விரல் மாட்டினால் நசுங்கும்.

பெயின்ட் ஷாப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோல் காரோ மின்சார காரோ, ஒரே ரோபோ, ஒரே வேலை.

இனி ரோபோ தோற்கும் இடம். இறுதி அசெம்பிளிக்குப் போங்கள், வீடியோவில் காணாமல் போன ஆட்களெல்லாம் அங்கே இருப்பார்கள். ஒயர்க் கற்றையை உள்ளே நுழைத்து வளைத்து க்ளிப் மாட்டுவது, கம்பளம் விரிப்பது, ரப்பர் பட்டையை ஓரத்தில் அழுத்திப் பொருத்துவது, டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுக் கனெக்டரை 'டிக்' என்று சத்தம் வரும்வரை தள்ளுவது. வளையும் பொருளுக்கு நிலையான வடிவம் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழும். நாம் கையால் தொட்டு, எதிர்ப்பை உணர்ந்து, லேசாகத் திருப்பிப் பார்த்துச் செய்கிறோம். இதை ரோபோவுக்குச் சொல்லிக் கொடுப்பது இன்றும் பெரும்பாடு.

டெஸ்லா இதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. மாடல் 3-ஐ முடிந்தவரை தானியங்கியாகச் செய்வது என்று 2017-ல் இறங்கினார்கள். நெவாடாவில் பேட்டரி மாட்யூல் லைன் திணறியது, கொஞ்ச காலம் ஆட்களை வைத்துக் கையால் செய்தார்கள். ஜெர்மனியில் தயாரான புதிய லைனை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியாவில் உள்ள தங்கள் ஃப்ரீமான்ட் ஆலையில் பொருட்களைச் சுமந்து செல்லப் போட்ட சிக்கலான கன்வேயர் வலையைப் பிய்த்து எறிந்தார்கள். அளவுக்கு மீறிய ஆட்டோமேஷன் தவறு, அது என் தவறு, மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று ஈலான் மஸ்க் 2018 ஏப்ரலில் வெளிப்படையாக எழுதினார். இதில் எனக்கு மிகவும் பயன்பட்ட கதை பேட்டரியின் மேல் வைத்த கண்ணாடியிழை விரிப்பு பற்றியது. மெத்தென்ற அந்த விரிப்பை எடுத்து வைக்க ஒரு ரோபோ. அது அடிக்கடி தவறவிட்டு லைன் நின்றது. ரோபோவைச் சரிசெய்யப் படாத பாடு பட்டார்கள். கடைசியில்தான், இந்த விரிப்பு எதற்கு என்று கேட்டார்கள். பேட்டரிக் குழு அது சத்தத்தைக் குறைக்க என்றது, சத்தம் பார்க்கும் குழு அது தீப் பாதுகாப்புக்கு என்றது. விரிப்பு வைத்த காரிலும் வைக்காத காரிலும் மைக் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. விரிப்பையே எடுத்துவிட்டார்கள், ரோபோவும் போனது. மஸ்க்கே பின்னர் ஒரு பேட்டியில் இதைச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பாடம் புதியதும் அல்ல. 1980-களில் ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோக்களில் கோடிக்கணக்கில் கொட்டியது. 1985-ல் திறந்த டெட்ராய்ட் ஹாம்ட்ராம்க் ஆலையில் ரோபோக்கள் காருக்குப் பதில் ஒன்றின் மேல் ஒன்று பெயின்ட் அடித்தன என்று அக்காலத்தில் செய்திகள் வந்தன. அதே கட்டடம்தான் இப்போது ஃபேக்டரி ஜீரோ என்ற பெயரில் மின்சார வண்டிகளைத் தயாரிக்கிறது. பிரிட்டனின் அரைவல் நிறுவனம் கன்வேயரே இல்லாமல், ரோபோக்கள் நிறைந்த சிறு ஆலைகளில் மின்சார வேன்கள் செய்வதாகச் சொல்லிப் பெரும் முதலீடு திரட்டியது, 2024-ல் திவாலானது. பண நெருக்கடி, சந்தை என்று பல காரணங்கள் இருந்தாலும், ஒரு புதிய வண்டியையும் ஒரு புதிய தயாரிப்பு முறையையும் ஒரே நேரத்தில் கையில் எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அதில் பார்க்கலாம். அதே சமயம், ஹூண்டாய் 2023 நவம்பரில் சிங்கப்பூரில் திறந்த ஆலையில் நீண்ட கன்வேயரை விட்டுவிட்டு, தனித்தனி அறைகள் போன்ற பணியிடங்களில் ரோபோவும் ஆளும் சேர்ந்து காரை உருவாக்குகிறார்கள். சிறிய அளவில், பல மாடல்களைக் கலந்து செய்ய அது பொருந்துகிறது.

ரோபோக்களின் எண்ணிக்கையை வைத்து ஆலையின் நவீனத்தை அளப்பது எனக்கு உடன்பாடு இல்லை. டெஸ்லா 2020 வாக்கில் மாடல் ஒய் காரின் பின்பகுதி அடித்தளத்தை, சுமார் 70 தகட்டுப் பாகங்களைச் சேர்த்துச் செய்வதற்குப் பதிலாக, ராட்சத அச்சில் அலுமினியத்தை வார்த்து எடுக்கத் தொடங்கியது. இத்தாலியின் இத்ரா நிறுவனம் செய்த அந்த இயந்திரம் சுமார் 6,000 டன் விசையில் அச்சை மூடிப் பிடிக்கும். எழுபது பாகம் ஒன்றானதும், அவற்றை எடுத்துக் கொடுத்த, பிடித்த, வெல்டிங் செய்த ரோபோக்களுக்கு வேலை இல்லை. ஒயர் விஷயத்திலும் இதே வழிதான். ரோபோ மாட்டும்படி ஒயரை மாற்ற முடியாவிட்டால் ஒயரின் நீளத்தையே குறைக்கப் பார்க்கிறார்கள், காரை மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்து. எத்தனை ரோபோ வேண்டும் என்பது கார் காகிதத்தில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. லைன் போட எங்களைக் கூப்பிடும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மனித உருவ ரோபோக்கள் பற்றி இப்போதெல்லாம் நிறையக் கேட்கிறார்கள். 2024-ல் அமெரிக்காவின் ஸ்பார்டன்பர்க்கில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் ஃபிகர் நிறுவனத்தின் ரோபோ தகட்டுப் பாகங்களை எடுத்துப் பிடிப்பானில் வைக்கும் சோதனை நடந்தது. நல்ல முயற்சி. ஆனால் தகட்டை எடுத்து வைப்பது விறைப்பான பொருளைக் கையாளும் வேலை. ஒயர்க் கற்றையை டேஷ்போர்டுக்குப் பின்னால் மாட்டிக் காட்டட்டும், அன்றைக்கு நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

வேலை போகுமா என்று நேரடியாகக் கேட்டால், சில வேலைகள் போகும் என்றுதான் சொல்ல வேண்டும், அதை மறைப்பதில் பயனில்லை. மோட்டாரில் இன்ஜினைவிடப் பாகங்கள் மிகக் குறைவு, இன்ஜினையும் கியர் பெட்டியையும் சார்ந்து வாழ்ந்தவர்களுக்கு அடி விழுகிறது. அங்கே ரோபோவைவிட இயந்திரத்தின் எளிமைதான் காரணம். மறுபக்கம், ரோபோ லைன்களில் ஆள் பற்றாக்குறையை நானே பார்க்கிறேன்: லேசர் தலையைத் துடைத்துச் சரிசெய்யத் தெரிந்தவர், கேமராவின் ஒளியமைப்பைப் புரிந்தவர், 400 அல்லது 800 வோல்ட் பேக்கில் பாதுகாப்பாகக் கை வைக்கப் பயிற்சி பெற்றவர். வெல்டிங் கையில் பழகியவர் வெல்டிங் ரோபோவுக்கு மிகச் சிறந்த ஆசிரியர் ஆவார், ஏனென்றால் தீப்பொறி பறக்கும் விதத்தைப் பார்த்தே மின்னோட்டம் சரியா என்று அவருக்குத் தெரியும். ஆலைகள் அவரை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைத் தேடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 1979 ஜனவரியில் மிச்சிகனில் ஃபோர்டு ஆலை ஒன்றில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி ரோபோ மோதி இறந்தார். ரோபோவால் இறந்த முதல் மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். ரோபோவைச் சுற்றி வேலியும், கதவைத் திறந்தால் மின்சாரம் நிற்கும் பூட்டும் இருப்பது இப்படிப்பட்ட மரணங்களின் விலையில் வந்தது. அவசரத்துக்கு அந்தப் பூட்டை ஏமாற்றுபவர்களை நான் லைனிலிருந்து வெளியேற்றியிருக்கிறேன், இனியும் செய்வேன்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று. இந்த பேக்குகள் ஒருநாள் திரும்பி வரும், அவற்றைப் பிரிக்க வேண்டும். சேர்ப்பதில் கெட்டிக்காரனான ரோபோ பிரிப்பதில் திணறுகிறது. சேர்க்கும்போது எல்லாம் புதிது, ஒரே மாதிரி. பிரிக்கும்போது ஒரு திருகு துருப்பிடித்திருக்கும், ஒன்றின் தலை தேய்ந்திருக்கும், மூடி விபத்தில் கோணலாகியிருக்கும், ஒவ்வொரு கம்பெனியின் பேக்கும் வேறு வடிவம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்யூலை இறுக ஒட்டியிருக்கும் பசை. உள்ளே இன்னும் மின்சாரம் இருக்கிறது, எனவே ஆளை விட்டு உளியால் நெம்பச் சொல்லவும் மனம் வராது. நான் இருந்த ஒரு திட்டத்தில் இதைப் பற்றி முன்கூட்டியே சண்டை போட்டோம். மாட்யூலை இறுக ஒட்டும் பசைக்குப் பதிலாக, மென்மையான வெப்பப் பசையும் எட்டுத் திருகுகளும் என்று வடிவமைப்பை மாற்றச் சொன்னோம். லைனில் ஒரு திருகு ஸ்டேஷன் கூடியது, ஒவ்வொரு பேக்குக்கும் 40 நொடி கூடுதல். அந்த 40 நொடிக்காக நான்கு கூட்டங்கள் நடந்தன. கடைசிக் கூட்டத்துக்கு ஒட்டிய மாட்யூல் ஒன்றையும் திருகிய மாட்யூல் ஒன்றையும் மேசை மேல் கொண்டுபோய் வைத்து, இரண்டையும் பிரித்துப் பாருங்கள் என்று கொடுத்துவிட்டோம். ஸ்டேஷனுக்கு அன்றே ஒப்புதல் கிடைத்தது.